நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு: பழைய காரைப் போட்டிக்கு ஓட்டிச் சென்று சுத்தமாக நிறுத்த ஒரு வழிகாட்டி

மதுரையில் பழைய கார்களுக்கான போட்டிக் கண்காட்சி. காலை எட்டே கால் மணி. நடுவர்கள் மூன்று வண்டி தள்ளி நின்றிருந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து ஓடிவந்த தூசியோடு என் 1971 மாடல் அம்பாசடர் மார்க் 2 நின்றது. பதற்றத்தில் ஓர் உலர்ந்த துண்டை எடுத்து பானெட்டைத் துடைத்தேன். தூசி போய்விட்டது. வெயில் சற்று ஏறியதும் கருநீல வண்ணத்தின் மேல் சிலந்தி வலை விரித்ததுபோல மெல்லிய கீறல்கள் தெரிந்தன. பெயின்டர் பத்தொன்பது நாள் உழைத்து ஏற்றிய பளபளப்பு நான்கு இழுப்பில் போனது. நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையைச் சாய்த்து வெளிச்சத்துக்கு எதிரே ஒருமுறை பார்த்தார், தாளில் குறித்துக்கொண்டார்.

அதற்கு முந்தைய ஆண்டு போகவே முடியவில்லை. ஆர்.சி. புத்தகம் வேறொருவர் பெயரில், அதுவும் காலாவதியாகி இருந்தது. இந்த இரண்டு அனுபவங்களிலும் நான் கற்றுக்கொண்டதைக் குமரி மாவட்டத்திலிருந்து முதன்முறை புறப்படுகிறவர்களுக்காக வரிசைப்படி எழுதுகிறேன். என்னிடம் இருப்பது அம்பாசடர். பத்மினி, ஹெரால்டு போன்ற பழைய கார்களை வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலான விஷயங்கள் பொருந்தும்.

லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாமே என்று பலரும் கேட்பார்கள். போகலாம். ஆனால் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட வண்டி அது. ஓட்டிக்கொண்டு போனால்தான் அதன் நோய் என்ன என்பது நமக்குத் தெரியும். 240 கிலோமீட்டர் ஓட முடியாத வண்டியைப் பளபளப்பாக்கி நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

1. ஆறு மாதம் முன்பு: ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

வண்ணம், குரோமியம், இருக்கை எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்.

முதலாவது, வண்டி யார் பெயரில் இருக்கிறது? நான் தக்கலை அருகே ஒரு வீட்டிலிருந்து வாங்கினேன். விற்றவர் மகன். ஆர்.சி.யில் இருந்ததோ காலமான தந்தையின் பெயர். இப்படியிருந்தால் நேரடியாக உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. முதலில் படிவம் 31 மூலம் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவை வேண்டும். பிறகு படிவம் 29, 30 மூலம் உங்கள் பெயருக்கு வரும். எனக்கு இரண்டுக்கும் சேர்த்து நான்கு மாதம் ஆனது. வாரிசுகளில் ஒருவர் வளைகுடாவில் இருந்தார், அவருடைய சம்மதக் கடிதம் வந்து சேரவே பாதிக் காலம் போய்விட்டது. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் உங்களுக்கும் இது நேரலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, வாரிசுகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா? பழைய அம்பாசடர்களில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றியவை ஏராளம். புத்தகத்தில் பெட்ரோல் என்று இருக்கும், பானெட்டுக்குள் டீசல் இருக்கும். அந்த வண்டி ஆய்விலும் நிற்காது, போட்டியிலும் நிற்காது. இந்த எண்கள் பொறித்த தகட்டின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். துரு ஏறிய தகட்டில் 3, 8 இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு எடுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எண் தேய்ந்துபோனால் அதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை.

மூன்றாவது, பதிவு எதுவரை செல்லும்? முதல் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 25. காலாவதியாகும் நாளுக்கு 60 நாள் இருக்கும்போதே கொடுக்கலாம். 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் அது 5,000. காலம் தவறினால் ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதல் என்பது விதி. கொட்டகையில் ஏழெட்டு ஆண்டு தூங்கிய வண்டியை வாங்குகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு விலை பேசட்டும். பசுமை வரி தனி. கட்டும் நாளில், மத்திய அரசின் வாகனச் சேவை இணையதளமான பரிவாகன் காட்டும் தொகையே இறுதியானது.

போக்குவரத்து அலுவலகம் நாகர்கோவில் பக்கம் இருப்பவர்களுக்கு டிஎன் 74, மார்த்தாண்டம் பக்கம் டிஎன் 75. வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்ப்பார். விளக்கு, ஹாரன், வைப்பர், பிரேக், கைப்பிரேக் எல்லாம் வேலை செய்ய வேண்டும். மிகப் பழைய வண்டிகளின் விவரம் கணினிப் பதிவில் ஏறாமலே இருக்கக்கூடும். ஏறியிருக்கிறதா என்பதைப் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அதை ஏற்றச் சொல்லி விண்ணப்பிப்பதுதான் முதல் வேலை, அது இல்லாமல் மற்ற எதுவும் நகராது.

2. 'விண்டேஜ்' என்ற சொல்லுக்கு மூன்று பொருள்

இதில் சறுக்காதவர்கள் குறைவு.

மத்திய அரசு 2021-இல் மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பிரிவின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மூல வடிவிலேயே பராமரிக்கப்படும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் விண்டேஜ். காப்பீட்டுக்காரர்களின் பழைய கட்டண விதியில் 1940 டிசம்பர் 31-க்கு முன் செய்யப்பட்ட கார்தான் விண்டேஜ். உலக அளவில் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபீவா 30 ஆண்டு ஆனதையே வரலாற்று வாகனம் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. போட்டி நடத்துகிறவர்கள் இவற்றில் எதையும் பின்பற்றலாம், தங்களுக்கென்று ஒரு பிரிவும் வைத்திருக்கலாம். விண்ணப்பத்தில் 'விண்டேஜ்' கட்டத்தில் டிக் செய்வதற்கு முன் ஆண்டு வரம்பு என்ன என்று கேளுங்கள். தவறான பிரிவில் பெயர் கொடுத்தால் 1930-களின் கார்களோடு உங்கள் பத்மினி நிற்க வேண்டி வரும்.

சரி, 50 ஆண்டு ஆன வண்டிக்கு அரசின் விண்டேஜ் பதிவு எடுக்கலாமா? புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். சாதாரணப் புதுப்பிப்பு ஐந்தாண்டுக்கு 10,000. ஆக ஆண்டுக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு ஓட்டும் உரிமையில் இருக்கிறது. விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ கூடாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திற்பரப்பு அருவிக்குப் போக நினைத்தால் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஏற்கனவே பதிவான வண்டிக்கு விண்டேஜ் பதிவு வாங்கினாலும் பழைய எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் எண்ணின் நடுவே 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும்.

3. காப்பீடு, புகைச் சான்று, ஃபாஸ்டேக்

மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 1000 முதல் 1500 சி.சி. வரையிலான கார்களுக்கு 2022-இல் நிர்ணயிக்கப்பட்ட ஆண்டுத் தொகை 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின் அம்பாசடர் 1489 சி.சி., பத்மினி 1089 சி.சி., இரண்டும் இதற்குள் வரும். விண்டேஜாகப் பதிவான தனியார் காருக்கு இதில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. முகவர் தாமாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வண்டிக்கும் சேர்த்து முழுக் காப்பீடு எடுக்க விரும்பினால், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காருக்கு மதிப்பு என்பது நீங்களும் நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்வதுதான். பெயின்ட், குரோமியம், இருக்கை வேலைகளுக்கான ரசீதுகளைக் காட்டினால் பேசுவது எளிது. ரசீது வாங்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். போட்டியிலும் அது உதவும்.

புகைச் சான்று பழைய வண்டிகளுக்கு ஆறு மாதம்தான் செல்லும். 2000-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். கார்புரேட்டர் கலவையைச் சரிசெய்தால் நல்ல நிலையில் உள்ள எஞ்சின் இதில் தேறிவிடும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே சோதனைக்குக் கொண்டுபோங்கள். குளிர்ந்த எஞ்சினோடு போய்த் தோற்றுத் திரும்புவது வீண்.

சுங்கக் கட்டணத்துக்கான ஃபாஸ்டேக் வில்லை வாங்க ஆர்.சி. விவரம் கணினியில் இருக்க வேண்டும் என்பதால் இதையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். வில்லை இல்லாமல் சுங்கச்சாவடிக்குப் போய் ரொக்கம் நீட்டினால் இரு மடங்கு கட்டணம். பழைய கண்ணாடியில் வில்லை ஒட்ட மனம் வராது, எனக்கும் வரவில்லை. உள் கண்ணாடிக்குப் பின்னால் மேலே ஒட்டினேன். நடுவர்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

4. மூன்று மாதம் முன்பு: விண்ணப்பமும் கோப்பும்

விண்ணப்பத்தோடு பொதுவாகக் கேட்பவை: ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல், நான்கு பக்கமும் எடுத்த படங்கள், வண்டியின் வரலாறு ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். முதல் உரிமையாளரின் ரசீது, பழைய வரி வில்லைகள், வண்டியோடு எடுத்த குடும்பப் படங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். எனக்கு வண்டியை விற்ற வீட்டில், 1970-களின் கல்யாண ஆல்பத்தில் இந்தக் காரே மணமக்களோடு நின்றது. கேட்டதும் அந்தப் படத்தை ஸ்கேன் செய்து கொடுத்தார்கள். பம்பரும் வீல் கப்பும் அன்று எப்படி இருந்தன என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

மூலத்தன்மை என்பதுதான் நடுவர்கள் முதலில் தேடுவது. நான் கண்ட வரையில் இவர்கள் நிற்கும் இடங்கள்: ஹெட்லைட் கண்ணாடி, ஸ்டியரிங், மீட்டர்கள், இருக்கை உறை, பானெட்டுக்குள் ஒயர்களின் நிறம், ரப்பர் குழாய்களைப் பிடிக்கும் கிளிப்புகள், பேட்டரி. பளிச்சென்ற புது எல்.இ.டி. விளக்கு, புது மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் இவை மூன்றும் இருந்தால் எத்தனை மெழுகு பூசினாலும் பயன் இல்லை. ஊரில் எல்லாரும் அழகாக இருக்கிறது என்று சொல்வார்கள் என்பதற்காக எதையும் மாட்டாதீர்கள்.

5. பட்டறை வேலையும் சோதனை ஓட்டமும்

எரிபொருள் குழாயிலிருந்து தொடங்குங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் வாஷர்களையும் எத்தனால் அரிக்கும். அதோடு அது காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், நம் கடற்கரைக் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவே இல்லை. எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று பழைய டயரை நம்ப வேண்டாம். அம்பாசடரின் 5.90–15 அளவு எல்லாக் கடையிலும் உடனே கிடைக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும்.

உப்புக் காற்றின் வேலை ஒயர்களின் எர்த் இணைப்புகளில் தெரியும். முதல் போட்டியில் நடுவர் ஒவ்வொரு விளக்காகப் போடச் சொன்னார். நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை. பல்பு நன்றாகத்தான் இருந்தது. திருகாணியின் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த உப்புதான் காரணம். வண்டி முழுவதும் எர்த் இணைப்புகளைக் கழற்றி, சுரண்டி, வாசலின் தடவி மாட்டுங்கள். அரைநாள் வேலை.

சோதனை ஓட்டத்துக்கு நான் பேச்சிப்பாறையைச் சொல்வேன். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, குலசேகரம் வழியாகப் போய் வர 80 கிலோமீட்டருக்கு மேல் வரும். தக்கலைச் சந்தையின் நெரிசலில் ரேடியேட்டரும், மலைச் சரிவில் கியரும் பிரேக்கும் பரீட்சை எழுதிவிடும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பாவது இதை முடித்துவிடுங்கள். கன்னியாகுமரி, முட்டம் போன்ற கடற்கரைப் பக்கம் வேண்டாம். அலைத்துளி கலந்த காற்று குரோமியத்தின் மேல் படிந்து ஒரே வாரத்தில் புள்ளி போட்டுவிடும்.

6. இரண்டு வாரம் முன்பு: கழுவுதல், மெழுகு

பழைய வண்ணத்துக்கு மேலே இன்றைய கார்களில் இருக்கும் நிறமற்ற காப்புப் பூச்சு (கிளியர் கோட்) கிடையாது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் வண்ணமே இறங்கும். கருநீல வண்டியைத் தேய்த்தால் துணி நீலமாகும். பயப்பட வேண்டாம், ஆனால் ஒவ்வொரு முறையும் வண்ணத்தின் ஒரு படலம் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். மட்கார்டின் விளிம்பிலும் பானெட்டின் மேட்டுக் கோட்டிலும் இயந்திரம் வைக்கவே கூடாது. அங்கே படலம் மிக மெலிது, அடியில் உள்ள பிரைமர் தெரிந்துவிடும்.

சர்வீஸ் நிலையத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். வேகமாக அடிக்கும் தண்ணீர் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளும் கதவு ரப்பருக்குள்ளும் புகும். அதன் பிறகு அடிப்பாகத்தில் டீசல் கலந்த எண்ணெய் தெளிப்பார்கள். பார்க்கக் கருப்பாக மினுங்கும், ஆனால் புஷ்களின் ரப்பர் ஊறிப்போகும், சாலைத் தூசி முழுக்க அதில் ஒட்டும். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. கதவு ரப்பருக்கும் டாஷ்போர்டுக்கும் அதைத் தடவாதீர்கள். ரப்பர் உப்பும், தூசி பிடிக்கும்.

வீட்டிலேயே, நிழலில், உடல் குளிர்ந்த வண்டியில் கழுவுங்கள். இரண்டு வாளிகள்: ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் துணியை அலச நல்ல தண்ணீர். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழே ஓடவிட்டு மண்ணை இறக்குங்கள். கடற்கரை ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம், காய்ந்ததும் வெள்ளை வளையம் விடும். கடைசி அலசலுக்கு மட்டும் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் ஒரு குடம் போதும். கதவுகளின் அடியில் உள்ள வடிகால் துளைகளை ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். அங்கே தேங்கும் நீரிலிருந்துதான் துரு தொடங்குகிறது. பிறகு வண்டியை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை இலேசாக மிதித்து உலர்த்துங்கள். நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது.

குரோமியத்தில் துருப்புள்ளி இருந்தால் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது, கீறாது. பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷ் வேண்டாம். கடைசியில் உடலுக்கும் குரோமியத்துக்கும் நல்ல மெழுகு இரண்டு முறை, ஒரு நாள் இடைவெளியில். வழியில் படியும் பூச்சியும் தூசியும் வண்ணத்தில் பிடிக்காமல் மெழுகில் நின்றுவிடும். போட்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் நீங்கள் செய்யும் வேலையில் முக்கால்வாசியைக் குறைப்பது இந்த மெழுகுதான்.

7. சாலையில்

போட்டிக்கு முந்தைய நாளே புறப்படுங்கள். நான் காலை நான்கரைக்கு நாகர்கோவிலை விட்டேன். தோவாளையில் அந்த நேரத்தில் பூ வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும், கவனம். ஆரல்வாய்மொழியும் முப்பந்தலும் கணவாய்க் காற்றின் வாசல். காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணமே அந்தக் காற்றுதான். உயரமான உடல் கொண்ட அம்பாசடரைப் பக்கவாட்டுக் காற்று தள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மணலையும் அள்ளி வீசும். வேகத்தை 50-க்குக் குறையுங்கள். காவல்கிணறு தாண்டி தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஏறிவிட்டால் மதுரை வரை ஒரே சாலை. நாங்குநேரி, சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர் என நான்கு சுங்கச்சாவடிகள்.

மணிக்கு 60, அதற்கு மேல் வேண்டாம். எம்-சாண்ட், ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் ஒருபோதும் ஒட்டிப் போகாதீர்கள். ஒரே ஒரு கல் போதும். முந்த முடியாவிட்டால் ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் அதைப் போகவிடுங்கள். கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் கரிசல் தூசி. காய்ந்திருக்கும்போது பறக்கும், ஈரம் பட்டால் பசையாக ஒட்டும். அந்தப் பகுதியில் சாலையோரம் மண்ணில் இறக்காமல் தார் அல்லது சிமென்ட் தரை உள்ள இடத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

60, 70 கிலோமீட்டருக்கு ஒருமுறை பத்து நிமிடம் நிறுத்தி வெப்பமானி, எண்ணெய், சக்கரச் சூடு பாருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். வெயிலில் நின்ற வண்டி மறுபடி கிளம்ப மறுத்தால் பெரும்பாலும் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள்.

டிக்கியில் இருக்க வேண்டியவை: பாயின்ட், கண்டன்சர், ரோட்டார், ஃபேன் பெல்ட், இரண்டு பிளக், ஃபியூஸ், பல்புகள், ரேடியேட்டர் குழாய், ஸ்டெப்னி, ஜாக்கி, இழுகயிறு, தீயணைப்பான், ஐந்து லிட்டர் தண்ணீர். கண்டன்சர் மட்டும் இரண்டாக வையுங்கள், புதிதாக வாங்கியதே சில நேரம் வேலை செய்யாது.

8. போய்ச் சேர்ந்த மாலை

விடுதி எதுவானாலும் மேற்கூரை உள்ள நிறுத்துமிடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மரத்தடி வேண்டாம். பறவை எச்சம் ஓர் இரவில் வண்ணத்தைத் தின்றுவிடும்.

வண்டி ஆறியதும் உடனே தொட வேண்டியவை இரண்டுதான்: பூச்சிக் கறை, எச்சம். நனைத்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறி வந்துவிடும். சுரண்டாதீர்கள். தார்ப்புள்ளிக்குத் துணி முனையில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய், உடனே ஷாம்பூ தண்ணீர். பிறகு அரை வாளி நீரில் மெதுவாக ஓர் அலசல், மைக்ரோஃபைபர் துணியை விரித்து ஒற்றி எடுத்தல். தேய்ப்பது இல்லை, ஒற்றுவது. என் பெயின்டர் அண்ணன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "தண்ணீர் இல்லாமல் துணி படக் கூடாது தம்பி. தூசி என்று நீ நினைப்பது மணல்." முதல் முறை நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

தூசியோடோ சூட்டோடோ இருக்கும் வண்டிக்கு உறை போடக் கூடாது. காற்றில் உறை அசையும்போது அதுவே உப்புத்தாளாகிவிடும். பருத்தி உறைதான் நல்லது, பிளாஸ்டிக் ஈரத்தை அடைத்து வைக்கும்.

9. போட்டிக் காலை

வாயில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். நிறுத்தும் இடம் செம்மண்ணாக இருந்தால் சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் பிறகு வேலை தொடங்குங்கள். இல்லையென்றால் பின்னால் வரும் ஒவ்வொரு வண்டியும் உங்கள் மேல் தூசி போடும்.

வரிசை இது: முதலில் சக்கரங்களும் மட்கார்டின் உட்புறமும். பிறகு தண்ணீர் தெளித்து உடல். அடுத்து, செய்தித்தாளும் தண்ணீரும் கொண்டு கண்ணாடிகள். அதற்குப் பிறகு குரோமியம், கடைசியில் உள்ளே. சக்கரம் துடைத்த துணி வண்ணத்தின் பக்கம் வரவே கூடாது. நான் சக்கரத்துக்குச் சிவப்பு, உடலுக்கு மஞ்சள், கண்ணாடிக்கு நீலம் என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறேன். கீழே விழுந்த துணியை மறுபடி பயன்படுத்தாமல் பைக்குள் போட்டுவிடுங்கள். டயருக்கு மினுக்கு எண்ணெய் பூசினால் நகர்த்தும்போது அது மட்கார்டில் தெறிக்கும். வெறும் சோப்புத் தண்ணீரில் தேய்த்த கருப்பே போதும்.

பானெட்டுக்குள் எல்லாம் மினுங்க வேண்டியதில்லை. எண்ணெய்க் கசிவு இல்லாமல், ஒயர்கள் ஒழுங்காக இருந்தால் போதும். பழைய எஞ்சின் ஒரு சொட்டாவது விடும், அடியில் ஓர் அட்டை வையுங்கள்.

நடுவர்கள் வந்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டு ஓட்டுநர் கதவின் பக்கம் நில்லுங்கள். கதவையும் பானெட்டையும் நீங்களே திறந்து காட்டுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில். மாற்றிய பாகத்தை மாற்றியது என்றே சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டாம் முறை என்னிடம் ஒருவர் பின்பக்கச் சிவப்பு விளக்கைத் தட்டிக் காட்டி, "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். மார்த்தாண்டத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது என்றேன். கோப்பில் அதன் படத்தையும் காட்டினேன். முதல் முறையைவிட அந்த ஆண்டு மதிப்பெண் கூடியது, பரிசு கிடைக்கவில்லை.

10. செலவு

லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தால் போக வர 48 லிட்டர், ஏறக்குறைய 5,000 ரூபாய். துணி, ஷாம்பூ, மெழுகு எனக்கு 2,200 ஆனது. அறை, உணவு, சுங்கம் சேர்த்து 4,500. பதிவு, காப்பீடு, டயர் இந்தக் கணக்கில் இல்லை. அவை எப்படியும் செய்ய வேண்டியவை. கையில் 5,000 தனியாக வையுங்கள், வழியில் மெக்கானிக் தேவைப்பட்டால் அதற்கு.

11. திரும்பி வந்ததும்

களைப்பாக இருக்கும், இருந்தாலும் மறுநாள் காலை அடிப்பாகத்தையும் மட்கார்டின் உட்புறத்தையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கரிசல் ஒட்டிய இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் துரு அங்கேயே உட்காரும். கதவுகளையும் டிக்கியையும் ஒரு பகல் முழுக்கத் திறந்து வைத்துக் கால்மிதியடியின் அடிவரை உலர விடுங்கள். அது முடிந்த பிறகு உறை போடுங்கள். புகைச் சான்று முடியும் தேதியையும் பதிவு முடியும் தேதிக்கு 60 நாள் முந்தைய தேதியையும் சமையலறை நாள்காட்டியில் எழுதி வையுங்கள்.